டாக்டரிடம் கேளுங்கள்: சதை துடித்தால் உப்புத் தண்ணீரா?

கேள்வி: டாக்டர், எனக்கு 54 வயது. மும்பை தாராவியில் குடும்பமாக இட்லி அவித்து விற்கிறோம். விடியற்காலை 3 மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் 10 மணி வரை ஆவியில்தான் நிற்பேன். பிரஷர் மாத்திரையும், 4 வருஷமாக அசிடிட்டி மாத்திரையும் போடுகிறேன். 2 மாதமாக இடது கண் இமையும் கெண்டைக்கால் சதையும் துடிக்கின்றன. மெடிக்கல் கடையில் எலக்ட்ரோலைட், அதாவது ரத்தத்தில் உள்ள உப்புச் சத்துகள், குறைவு என்றார்கள். பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் தினம் 2, டம்ளரில் கலக்கிக் குடிக்கிறேன். துடிப்பு நிற்கவில்லையே?

பதில்: அண்ணாச்சி, முதலில் அந்த டம்ளரைக் கீழே வையுங்கள். அது 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய பாக்கெட். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி அதில் சமையல் உப்பு மட்டும் 2.6 கிராம். இரண்டு பாக்கெட்டுக்கு 5.2 ஆச்சு. ஒரு நாள் சாப்பாடு மொத்தத்துக்கும் 5 கிராமுக்குள் என்று அதே நிறுவனம் சொல்கிறது. வயிற்றுப்போக்குக்கு அருமையான மருந்து. பிரஷர்காரருக்குத் தினசரி பானம் அல்ல.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது அந்த அசிடிட்டி மாத்திரைதான். பேன்டோபிரசோல் வகையை வருஷக்கணக்கில் போட்டால் சிலருக்குக் குடல் மெக்னீசியத்தைச் சரியாக உறிஞ்சாது. பிரஷர் மாத்திரை அட்டையையும் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தால் பெரும்பாலும் நீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்தது. அது பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சிறுநீரில் தள்ளும். மெக்னீசியம் ரொம்பக் குறைந்தால் கிட்னியால் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்க முடியாது, கால்சியமும் குறைந்துபோகும். கால்சியம் குறைந்த நரம்பு, தாழ்ப்பாள் தளர்ந்த கதவு மாதிரி. லேசாகக் காற்றடித்தாலே திறந்துகொள்ளும். இந்தக் குறை இருந்தால் சதை துடிப்பது அதனால்தான்.

லேபில் 'எலக்ட்ரோலைட்' என்று மட்டும் கேட்டால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு பார்த்து அனுப்பிவிடுவார்கள். மெக்னீசியம், கால்சியம், அல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்), கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறக்காதீர்கள், பொட்டாசியம் பொய்யாகக் கூடித் தெரியும். சரியான அளவு 3.5 முதல் 5 வரை.

எல்லாமே நார்மல் என்று வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். நான் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்த காலத்தில் எனக்கும் இமை ஆறு வாரம் துடித்தது. பயந்துபோய் என் ரத்தத்தை நானே கொடுத்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. ராத்திரிக்கு ஒன்பது கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) குடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பகல் டியூட்டிக்கு மாறிய பிறகு எப்போது நின்றது என்றே தெரியவில்லை. 3 மணிக்கு எழுகிற நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே?

உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல்கள் தானாக மடங்கி இழுப்பது, நெஞ்சு படபடப்பு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். துடிப்போடு கால் பலம் குறைந்து செருப்பு நழுவினாலோ, சதை மெலிந்தாலோ நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.

வேர்வைக்குத் தண்ணீரும் நீர்மோரும் போதும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், கிரியேட்டினின் தெரியும்வரை பொறுங்கள். மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு அட்டைகளையும் ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அசிடிட்டி மாத்திரை இன்னும் தேவையா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.