டர்க்கி ஷூட் என்ற பழைய ஆஸ்திரேலியப் படத்துக்கு ஏன் அந்தப் பெயர்?

தப்பிக்கவே வழியில்லாத இலக்கைச் சுடுவதை ஆங்கிலப் பேச்சுவழக்கில் டர்க்கி ஷூட் என்பார்கள், அதாவது வான்கோழி சுடுவது. கூண்டுக்குள் இருக்கிற கோழியைப் பிடித்துவிட்டு வேட்டைக்காரன் என்று மீசை முறுக்குகிற மாதிரி. 1982-இல் பிரையன் டிரென்சார்ட்-ஸ்மித் எடுத்த இந்தப் படத்தில், சர்வாதிகார அரசின் சீர்திருத்த முகாமிலிருந்து சில கைதிகளைக் காட்டுக்குள் ஓடவிட்டு, பெரிய மனிதர்கள் துப்பாக்கி, வில் என்று சகலத்தோடும் துரத்துகிறார்கள், பொழுது சாயும்வரை தாக்குப்பிடித்தால் விடுதலையாம்! நடிகர் ஸ்டீவ் ரெயில்ஸ்பேக்தான் முக்கிய இரை. நடுவே கால்விரலைக் கடித்துத் தின்னும் ஓநாய் மனிதன் வேறு, அது எதற்கென்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அப்புறம், பிரிட்டனில் இது 'பிளட் கேம்ப் தாட்சர்' என்ற பெயரில் வந்ததால் அப்போதைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரைப் பற்றிய படம் என்று நினைத்துவிடாதீர்கள், கதையில் முகாம் தலைவன் பெயரே தாட்சர்தான்.