விறகு ஏற்ற எந்த இயந்திரம் வாங்கலாம்?

கேள்வி: மறுநடவுக்காக முறிக்கும் ரப்பர் மரங்களை வாங்கி, செங்கல் சூளைகளுக்கும் ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரைகளுக்கும் விறகு அனுப்புகிறேன். சுமை ஏற்ற ஆள் கிடைப்பதில்லை. பழைய ஜேசிபி ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்கலாமா, டிராக்டரில் பொருத்தும் கிராப்பிள் (தடியைக் கவ்வித் தூக்கும் இயந்திரக் கை) நல்லதா, கன்வேயர் பெல்ட் போதுமா?
- வாசகர், குலசேகரம்

பதில்: ஜேசிபியை விட்டுவிடுங்கள். மரவாடியிலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அதன் வாளி மரத்தூளுக்கும் சில்லுக்கும் அருமையானது; உருண்டைத் தடி அதில் நிற்காது. தடியை அள்ள வாளி தரையைச் சுரண்டும். பச்சைத் தடியின் வெட்டுவாயில் கசியும் பாலில் நம் செம்மண் அப்பிக்கொள்ளும். அந்த மண் அடுப்புக்குள் உருகிக் கட்டியாகி, கம்பித்தட்டின் இடைவெளிகளை அடைத்துவிடும். சூளைக்காரர் உங்கள் விறகைத்தான் குறை சொல்வார்.

முழுத்தடிக்குக் கிராப்பிள்தான். தடியை விரல்போல் கவ்வி எடுப்பதால் மண் வராது. ஆனால் விற்பவர் சொல்லும் எடை, கை மடங்கியிருக்கும்போது தூக்குவது. கையை நீட்ட நீட்டத் திறன் குறையும். முழு நீளத்தில் எவ்வளவு தூக்கும் என்று கேட்டு, கண்முன் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தரையில் ஊன்றும் கால்கள் இல்லாத வண்டியைத் தொடவே வேண்டாம். மேட்டுத் தோட்டங்களின் சரிவில் அது கவிழும்.

அதற்கும் முன்னால், ஒரு தடியை எத்தனை முறை தூக்கி இறக்குகிறீர்கள் என்று பாருங்கள். பச்சைத் தடியின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அத்தகைய ஒரு டன், 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தால் 625 கிலோதான் தேறும். மீதி 375 கிலோ தண்ணீரைச் சுமக்கவா டீசல்? தோட்டத்திலிருந்து வந்ததும் அறுத்துப் பிளந்து, கூரைக்கடியில் காற்றோட்டமாக அடுக்குங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் திறந்தவெளி அடுக்கு காயாது.

பிளந்த விறகை அடுக்கிலிருந்து லாரிக்கு ஏற்ற, குறுக்குப்பட்டை வைத்த கன்வேயர் போதும். இரண்டு பேர் நின்றால் வேலை நடக்கும். பெல்ட்டைச் செங்குத்தாக நிறுத்தாதீர்கள், விறகு உருண்டு ஆள்மேல் விழும்.

ஆகவே கன்வேயரைச் சொந்தமாக வாங்குங்கள். மரம் முறிக்கும் நாட்களுக்கு மட்டும் கிராப்பிளை வாடகைக்கு எடுங்கள். நாள்தோறும் முழுத்தடி லோடு போகும் நிலை வந்தால் அதையும் வாங்கலாம். எதுவானாலும், கை உயரும் இடத்துக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள். போனால் லோடு ஏற்றும் இடத்தை மாற்றிய பிறகே வண்டியை உள்ளே விடுங்கள்.