அமெரிக்க பேட்டன்ட் நோட்டீஸ்: கீழக்கரைத் தம்பிக்கு

துபாய் மகனோடு வீடியோ காலில் பேசும் அம்மா கேமராவைப் பார்க்கட்டும் என்று, மகன் முகத்தைத் திரையின் உச்சிக்கு நகர்த்தும் ஆப் செய்தீர்கள். அமெரிக்க பேட்டன்ட் எண்ணோடு வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. சரி, பதற வேண்டாம். பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை, நாட்டுக்கு நாடு தனி. இங்கே பதிவாகியிருக்கிறதா என்று இந்திய பேட்டன்ட் அலுவலகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

அப்புறம் அந்த பேட்டன்டில் ‘கிளெய்ம்’ பகுதியை, அதாவது எதற்கெல்லாம் உரிமை கோருகிறார்கள் என்று சொல்லும் பகுதியை, வரிவரியாகப் படியுங்கள். தலைப்பையும் படத்தையும் பார்த்துப் பயந்தவர்கள்தான் அதிகம். ‘கண் போகும் திசையை அளந்து முகத்தை நகர்த்துவது’ என்று அதில் இருந்து, உங்கள் ஆப் கண்ணை அளக்கவே இல்லையென்றால், அந்தக் கிளெய்மில் பெரும்பாலும் சிக்கமாட்டீர்கள். மற்ற கிளெய்ம்களையும் பாருங்கள்.

அமெரிக்காவில் டவுன்லோடு திறந்திருந்தால் இப்போதைக்கு மூடுங்கள். பேட்டன்ட் ஏஜென்டிடம் காட்டாமல் பதில் எழுதாதீர்கள். இந்திய பேட்டன்டைக் காட்டி ஆதாரமில்லாமல் வழக்கு என்று மிரட்டினால், 1970 பேட்டன்ட் சட்டம் 106ஆம் பிரிவில் நீங்களே வழக்குப் போடலாம்.