பூட்டி வேதத்துக்கு மாறியது சீதனத்துக்காகவா?

கேள்வி: என் பூட்டி யாழ்ப்பாணத்து உடுவில் பெண்கள் பள்ளியில் படித்து, 1870களில் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மாறியவர். பாட்டி காலத்தில் நாங்கள் மறுபடி சைவத்துக்கு வந்துவிட்டோம். பூட்டி தன் பிள்ளைகள் பிறந்த நாள்களை எழுதிவைத்த பைபிள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அண்மையில் ஒரு கலியாண வீட்டில் உறவினர் ஒருவர், "மிஷன் சீதனத்துக்காக மாறினவர்தானே" என்று எல்லோர் முன்னும் சிரித்தார். வாயடைத்துப்போனேன். அது உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: அந்தப் பள்ளியை நடத்திய அமெரிக்க மிஷன் சீதனம் கொடுத்தது உண்மை. அதை மறுத்து மல்லுக்கு நிற்காதீர்கள். 1824இல் ஹாரியட் வின்ஸ்லோ உடுவிலில் விடுதிப் பள்ளியைத் தொடங்கியபோது, எழுத்துப் படிக்கிறவள் கோயிலில் ஆடுகிறவள் என்பதுதான் ஊர்ப் பேச்சு. சோறும் துணியும் தருகிறோம் என்றாலும் பெற்றோர் தயங்கினார்கள். படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சிறு சீதனம் என்ற ஏற்பாடு அந்தத் தொடக்க காலத்தில் வந்தது. வட்டுக்கோட்டையில் மிஷன் நடத்திய செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தில் படித்த பையன்களுக்குக் கிறிஸ்தவப் பெண் தேட வேண்டிய கவலையும் மிஷனுக்கு இருந்தது. பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டினார்களே, அதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

ஆனால் உங்கள் பூட்டி அதற்காகத்தான் மாறினார் என்பது உறவினரின் கற்பனை. அவர் காலத்தில் பள்ளியை நடத்தியவர் எலைசா அக்னியூ. சுமார் 40 ஆண்டுகளில் அவரிடம் படித்த பெண்கள் 1000 பேருக்கு மேல். மிஷன் பெருமையோடு சொன்ன கணக்கிலேயே கிறிஸ்தவரானவர்கள் 600 சொச்சம்தான். மற்றவர்கள் அதே விடுதிச் சோற்றைச் சாப்பிட்டு, அதே வேதபாடத்தை ஒப்பித்து, சைவராகவே வீடு திரும்பினார்கள். மாறாமலும் படித்திருக்கலாம். மாறியது அவருடைய தீர்மானமாகவும் இருந்திருக்கலாம் அல்லவா?

வேறு எங்கே போய்ப் படித்திருப்பார்? ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை ஆண்பிள்ளைகளுக்கானது. சைவப் பெண்களுக்கென்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் கல்லூரி திறந்தது 1913இல். அதற்குள் உங்கள் பூட்டி பேரப்பிள்ளைகளைக் கண்டிருப்பார்.

இன்னொன்று. வட்டுக்கோட்டை செமினரியை மிஷன் 1855இல் மூடியதற்கு, பையன்கள் ஆங்கிலத்துக்கும் உத்தியோகத்துக்குமே வருகிறார்கள் என்ற சலிப்பும் ஒரு காரணம். அவர்களைப் பார்த்துக் கலியாண வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. கெட்டிக்காரர்கள் என்கிறோம்.

அடுத்த விசேஷத்துக்கு அந்தப் பைபிளை எடுத்துச் செல்லுங்கள். உறவினரிடம் காட்டிவிட்டு, அவருடைய பூட்டியின் கையெழுத்து ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று சாவகாசமாக விசாரியுங்கள்.