வேலூர் பக்கம் ஒரு பெண் வாக்கிங் போனால் ஏன் உடனே "சுகரா?" என்று கேட்கிறார்கள்? எப்படிச் சமாளிப்பது?

நீங்கள் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். காலையில் நடந்தால் தெருவில் நிறுத்தி "உடம்பு சரியில்லையா" என்கிறார்கள், பந்தியில் இரண்டாவது தடவை சோறு வேண்டாம் என்றால் "சுகரா" என்கிறார்கள், என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்னு சொல்லிடு, அதோட விட்டுடுவாங்க" என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

எனக்குப் பிறந்த வீடு சத்துவாச்சாரி, புகுந்த வீடு காட்பாடி. பல வருஷம் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தேன். இருட்டோடு எழுந்து சமைத்து, டப்பா கட்டி, கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால் திரும்பி வரும்போதும் இருட்டுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எந்த ரோட்டில் போனாலும் விடியற்காலையில் டப்பாப் பையோடு நிற்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி நான். மேல்தோல் ஓரம் மடித்துத் தைப்பது, லைனிங் ஒட்டுவது, நாக்கு வைத்துத் தைப்பது எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அந்த ஷூக்கள் கப்பலேறி எந்தெந்த ஊருக்கோ போயின. தைத்த எங்களில் ஒருத்தி காலிலும் ஷூ கிடையாது. ரப்பர் செருப்புதான்.

என் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது. காலில் வந்த புண் ஆறாமல், கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டைப் பிரித்துக் கட்டும்போதெல்லாம் நான்தான் கூட இருந்தேன். பஞ்சு ஒட்டிக்கொண்டு வரும், அம்மாவுக்கு வலியே தெரியாது. நரம்பு செத்துப்போனதால் வலி தெரியவில்லை என்று நர்ஸ் சொன்னார். வலித்திருந்தால் முன்னாலேயே பார்த்திருப்போமே என்று எனக்கு அடிவயிறு கலங்கியது. அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். வரும் வரைக்கும் காத்திருக்க மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன். லாங் பஜாரில் ஒரு ஷூ வாங்கினேன். நாற்பது வயசு தாண்டி முதல் தடவையாக ஷூ போட்டு, சுடிதார் போட்டு, காலையில் நடக்கக் கிளம்பினேன்.

தெருவில் முதலில் சிரித்தார்கள். "இன்னாம்மா, போலீஸ்ல சேந்துட்டியா" என்று எதிர் வீட்டுக்காரர் கேட்டார். அதைக்கூட விட்டுவிடலாம். பால் பூத்தில் நிற்கிற பெண்கள்தான் தினமும் பிடித்துக்கொண்டார்கள். "இன்னா ஒடம்புக்கு? சுகர் எவ்ளோ கீது? மாத்திரை போட்டுக்கினு கீறியா?" ஒன்றுமில்லை, சும்மாதான் நடக்கிறேன் என்றால் நம்பவில்லை. சும்மா யாராவது நடப்பார்களா? என் நாத்தனார் என் மேல் இருக்கிற பிரியத்தில், கேள்வியை முடித்துவிட நினைத்து, "டாக்டர் நடக்கச் சொல்லிருக்கார், அதான்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு கேள்வி நின்றது. பரிதாபப்பட்டார்கள். ஒரு அம்மா வீட்டுக்கே பாகற்காய் ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த ஒரு வார்த்தை என் பெண்ணின் கல்யாணப் பேச்சில் வந்து நின்றது. நல்ல இடம், ஜாதகமும் பொருந்தியிருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் தரகரிடம், "பொண்ணோட ஆயாவுக்கும் சுகர், அம்மாவுக்கும் சுகர், கால்ல விரல் எடுத்த குடும்பம், நாளைக்கு நம்ம புள்ளதானே பாக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அப்போது ஹெச்பிஏ1சி பரிசோதனை எடுத்த ரிப்போர்ட் கையில் இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற பரிசோதனை அது. 5.7க்குக் கீழே இருந்தால் சர்க்கரை இல்லை, எனக்கு 5.4. என் வீட்டுக்காரர் அதை நகல் எடுத்துத் தரகரிடம் கொடுக்கலாம் என்றார். நான் கொடுக்கவில்லை. நடக்கிறவளை நோயாளி என்று நினைக்கிற வீட்டில் என் பெண் நாளைக்கு ஒரு நாள் நடக்க முடியுமா? அந்தப் பேச்சு அதோடு போயிற்று. அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. ரிப்போர்ட்டைக் காட்டியிருக்கலாமே, பெண்ணின் வாழ்க்கைதானே முக்கியம் என்று சிலர் எழுதுவீர்கள், தெரியும். என் பெண்ணிடம் கேட்டுத்தான் செய்தேன், இவ்வளவு சொன்னால் போதும்.

அதனால்தான் சொல்கிறேன், இல்லாத நோயை வாயால் வரவழைக்காதீர்கள். எங்கள் தெருவின் நியாயமே இதுதான். உடம்பு கெட்டபிறகு நடந்தால் பாவம், நல்ல பொம்பளை. கெடுவதற்கு முன்னால் நடந்தால் திமிர் பிடித்தவள், வேலை வெட்டி இல்லாதவள். டாக்டர் பெயரைச் சொன்னால் அந்த நியாயத்துக்கு நாமே தலையாட்டியது மாதிரி ஆகிவிடும்.

இதில் எனக்கு ஆற்றாமை அதிகம். சத்துவாச்சாரி பளுதூக்கும் ஊர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே இரும்புத் தட்டு தரையில் விழுகிற சத்தம் கேட்டுத்தான் சாயந்திரம் வீட்டுப்பாடம் எழுதுவோம். அதே சத்துவாச்சாரியிலிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்ட் கோஸ்டில் மறுபடியும் தங்கம். அந்தப் பிள்ளையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அப்படி உடம்பை வளர்த்த ஊர்க்காரர்களே ஒரு பொம்பளை தன் காலால் அரைமணி நேரம் நடந்தால் என்ன வியாதி என்று கேட்கிறார்கள்.

"வீட்டு வேலையும் கம்பெனி வேலையும் செய்யறவளுக்கு இன்னாத்துக்குத் தனியா எக்ஸர்சைஸ்" என்று கேட்பார்கள். உங்களையும் கேட்டிருப்பார்கள். வீட்டு வேலை உழைப்பில்லை என்று நான் சொல்லவே இல்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். மிஷின் முன்னால் எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால் கழுத்தும் தோளும் தேயும், கண் எரியும். காலும் நெஞ்சும் சும்மாதான் கிடக்கும். சாயந்திரம் அசதி வரும், ஆனால் மூச்சு வாங்கியிருக்காது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிஷமாவது கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி நடையோ வேறு உடற்பயிற்சியோ, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. வேகமாக நடக்கும்போது தசை ரத்தத்திலிருக்கிற சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கும். சாப்பிட்டபின் கொஞ்சம் நடந்தால் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்பதும் இதனால்தான். தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 100க்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் சொன்னது. ஏழு பேருக்கு ஒருத்தர். பால் பூத் வரிசையில் எண்ணிப் பாருங்கள்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் பிரியாணிக்கு விரோதி இல்லை. ஆம்பூர்ப் பக்கத்துக் கல்யாணத்தில் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் வைத்தால் நானும் ஆசையாகச் சாப்பிடுவேன். ஒரு தடவை. இரண்டாவது கரண்டியோடு வந்து நின்று, இலைமேல் கை வைத்து மறைத்தாலும் கைமேலேயே கொட்டுகிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகாது. வேண்டாம் என்றால் வைத்தவர்களுக்கு அவமானம். சாப்பாட்டில் குறை என்று சொல்லிவிட்டது போல முகம் சுருங்கிவிடுகிறது. நான் கண்டுபிடித்த வழி, முதல் கரண்டியிலேயே "நல்லா கீதுக்கா, மசாலா யாரு அரைச்சது" என்று கேட்டுவிடுவது. பாராட்டு கிடைத்துவிட்டால் இரண்டாவது கரண்டிக்குக் கட்டாயப்படுத்துவது குறைகிறது.

எங்கள் தெருவில் டயட் என்றால் ராத்திரி சப்பாத்தி. உருளைக்கிழங்கு குருமாவோடு அஞ்சு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு, சோறு தொடவில்லை என்று நிம்மதியாகப் படுக்கிறார்கள். இன்னொரு பக்கம் கேழ்வரகு. கண்ணமங்கலத்தில் என் ஆயா, அதாவது பாட்டி, களி கிண்டுவதைப் பார்த்திருக்கிறேன். நொய் வெந்து கொதிக்கும்போது நடுவில் மாவைக் குவித்துக் கொட்டி, மேலே கிளறாமல் வேகவிட்டு, பிறகு பானையை இரண்டு காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் கிண்டுவார். கையில் தண்ணீர் தொட்டு உருட்டித் தட்டில் போட்டால் ஆளுக்கு ஒரு உருண்டை, கீரை மசியல், கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு. அதைத் தின்றுவிட்டு மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொல்லையில் வெயில் சாயும்வரை வேலை. இப்போது அதே கேழ்வரகை மாவாக நைசாக அரைத்து, சொம்பு சொம்பாகக் கூழ் குடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து உண்டு, நார் உண்டு, நல்ல பொருள்தான். ஆனாலும் மாவுச்சத்து மாவுச்சத்துதானே. அளவு வேண்டும், கூடக் கீரையோ பருப்போ வேண்டும். வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிற அரசுத் திட்டமாக 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவ’த்தில் எங்கள் தெருவுக்கு வருகிற அக்கா, மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் இதைத்தான் திண்ணையில் உட்கார்ந்து தொண்டை வற்றச் சொல்கிறார். மாத்திரையை வாங்கிக்கொள்கிறார்கள், பேச்சை விட்டுவிடுகிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். வேலூரில் வீடு இருக்கிறது என்று தெரிந்தால் எந்த மாவட்டத்து உறவாக இருந்தாலும் வைத்தியத்துக்கு நம் வீட்டில்தான் வந்து தங்குவார்கள். 1900இல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா ஒரு கட்டில் போட்டு ஆரம்பித்த வைத்தியம் சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்து இன்றைக்கு நாடு முழுவதும் ஜனங்களை இழுத்துக்கொண்டு வருகிறது, அது எங்கள் ஊருக்குப் பெருமை. நோயாளி வந்தால் நான் முகம் சுளித்ததே கிடையாது. கூட வருகிற மூன்று பேரைத்தான் சொல்கிறேன். டோக்கன் போட விடியற்காலையில் கிளம்ப வேண்டும், நாலரைக்குக் காபி வேண்டும், பத்து நாள் ஆனாலும் ஒரு நாள் காய்கறி வாங்கி வர மாட்டார்கள். நான் நடந்துவிட்டு வந்தால், "வீட்ல ஆள வச்சுக்கினு இன்னா வாக்கிங்" என்று அவர்களும் ஒரு வார்த்தை. காலையில் எனக்கென்று இருப்பதே அந்த அரைமணி நேரம்தான். அதையும் விட்டுக்கொடுத்தால் என்னிடம் என்ன மிச்சம்?

இப்போது நான் தனியாக நடப்பதில்லை. மூன்றாவது வீட்டுப் பெண், ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு கனத்துப்போய், ஒரு நாள் மாடியில் துணி காயப்போடும்போது குரலைத் தாழ்த்தி, "யக்கா, நானும் வரட்டா" என்று கேட்டாள். பால் வண்டி வருவதற்கு முன்னால் திரும்பிவிட வேண்டும், அவள் மாமனார் கடை இருக்கிற ரோட்டில் போகக் கூடாது என்று இரண்டு நிபந்தனை. சரி என்றேன். ஷூ வேண்டாம் என்றாள், செருப்போடுதான் வந்தாள். இப்போது கடை ரோட்டிலேயே போகிறோம். அவள் மாமனார் பார்த்தும் பார்க்காத மாதிரி ஷட்டரைத் தூக்குகிறார். அவளும் இப்போது ஷூ போடுகிறாள்.

ஆகவே கேட்டால் நேராகச் சொல்லுங்கள்: "ஒடம்பு நல்லா கீதுக்கா, நல்லா இருக்கணும்னுதான் நடக்கறேன்." சிரித்த முகத்தோடு, நிற்காமல் சொல்லிக்கொண்டே நடையைக் கட்டுங்கள். நின்றால்தான் அடுத்த கேள்வி வரும். மாமியாரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், தெருவிலிருந்து அவர் காதுக்குப் போவதைவிட உங்கள் வாயிலிருந்து போவது நல்லது. சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயில் ஏழு மணிக்கே மண்டையைப் பிளக்கும், அதனால் ஐந்தரைக்குக் கிளம்புங்கள். தெருநாய் இருக்கிற சந்துப் பக்கம் போகாதீர்கள். டவுன் பக்கம் வீடு என்றால் கோட்டைக்கே போய்விடுங்கள். அகழி ஓரம் காலையில் நடக்கிற கூட்டம் நிறைய, அதில் பெண்களும் இருக்கிறார்கள், அங்கே யாரும் யாரையும் என்ன வியாதி என்று கேட்பதில்லை.