பட்டறைப் பக்கம்: காரும் வீடும் ஒரே நேரத்தில் கை நீட்டினால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து வாசகர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாதியில் நின்றுபோன கார்களைப் பற்றியவை. கார் அடம்பிடித்து நின்றதில்லை. கீசர், மழை, மகள் கல்யாணம் என்று வீடு குறுக்கே வந்ததால் நின்றவை.

கேள்வி: ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் காரின் 1.6 எஞ்சினைப் பிரித்து, பிளாக்கை லேத்தில் போர் பண்ணி (சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்தி) வாங்கி வந்துவிட்டேன். சிலிண்டர் ஹெட் வேலையும் முடிந்துவிட்டது. அதே வாரம் கீசர் வெடித்து சீலிங் சரிந்தது. ரிங், பேரிங், கேஸ்கெட்டுக்கு எடுத்துவைத்த ராண்டுப் பணமெல்லாம் அதற்கே போய்விட்டது. இன்னும் நாலைந்து மாதம் காரைத் தொட முடியாது. தார்ப்பாய் போட்டு மூடிவைத்தால் போதுமா ஐயா? – வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: போதாது. சொல்லப்போனால் தார்ப்பாயே கெடுக்கும். டர்பன் பக்கத்துக் காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்திருக்கின்றன. பகல் சூட்டில் தார்ப்பாய்க்குள் புகுந்த ஈரம் இரவில் குளிர்ந்து நீராகி இரும்பின் மேலேயே படியும். புதிதாக ஹோன் பண்ணிய (கல்லால் தேய்த்துச் சீராக்கிய) சிலிண்டர் சுவர் பூச்சு எதுவும் இல்லாத வெறும் வார்ப்பிரும்பு. எண்ணெய் இல்லாமல் ஒரு ராத்திரி விட்டாலே காவி நிறத்தில் பூக்கும். துடைத்தால் நிறம் போகும், அடியில் விழுந்த குழி போகாது. அந்தக் குழியில்தான் பிறகு ரிங் தேயும், ஆயில் எரியும்.

முதலில் கழுவுங்கள். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஹோனிங் தூளை முழுதாக எடுக்காது. வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் நைலான் பிரஷ்ஷும்தான் எடுக்கும். கழுவி உலர்த்தியதும் வெள்ளைத் துணியில் எஞ்சின் ஆயில் தொட்டுச் சிலிண்டரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஒட்டுகிற வரை கழுவல் முடியவில்லை என்று அர்த்தம். பிறகு சிலிண்டர், மேல்தளம், பேரிங் இடங்கள் எல்லாவற்றிலும் கெட்டியாக எஞ்சின் ஆயில் பூசுங்கள். கேனில் வரும் ஸ்ப்ரே எண்ணெய் சில வாரத்தில் ஆவியாகிவிடும். அதை நம்ப வேண்டாம். கனமான குப்பைப் பையை இரண்டு சுற்றாகப் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டி, சிமென்ட் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். மாதம் ஒருமுறை பிரித்துப் பார்த்து மறுபடி பூசுங்கள்.

கிராங்க் ஷாஃப்டைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். பழைய பேரிங் ஓடுகளைப் போட்டு, எண்ணெய் தடவி, பிளாக்கிலேயே உட்காரவைத்து, பேரிங் கேப்களை (மூடிகளை) அதனதன் எண்படி லேசாக முடுக்கிவிடுங்கள். அதைவிடப் பத்திரமான இடம் கராஜில் கிடையாது.

ஹெட்டைத் தட்டையாகத் தரையில் வைத்தால், கேம்ஷாஃப்ட் உள்ளே இருக்கும்போது திறந்து நிற்கிற வால்வு வளையும். இரு முனையிலும் கட்டை கொடுங்கள். கேம்ஷாஃப்டைக் கழற்றியிருந்தால் கேப்களின் எண்ணையும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றின் துளை நடுவிலிருந்து சற்று விலகியிருக்கும், திருப்பிப் போட்டால் உட்காராது. ஹைட்ராலிக் டேப்பெட் என்றால் கேம் படுகிற முகம் கீழே பார்க்கும்படி வையுங்கள். கவிழ்த்தால் உள்ளே இருக்கிற ஆயில் வடிந்துவிடும். எது எந்த வால்வுக்கு என்று முட்டை அட்டையில் எண் போட்டு வைக்கலாம்.

நாலு மாதம் கழித்துத் தொடும்போது பலரும் கோட்டை விடுவது ஹெட் போல்ட் துளையில். பூசிய எண்ணெய் அங்கே தேங்கியிருக்கும். அடி மூடிய துளையில் திரவம் இருக்க போல்டை முடுக்கினால் அது போக வழியின்றி பிளாக்கையே விரிசல் விட வைக்கும். டார்க் (முறுக்கு விசை) அளவும் பொய்யாகக் காட்டும். துணி, பிறகு கம்ப்ரசர் காற்று என்று ஒவ்வொரு துளையையும் வறட்டுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. போல்ட் புதிதாகத்தான் இருக்க வேண்டும், இவை ஒருமுறை நீண்டால் நீண்டதுதான். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முதலில் 40 நியூட்டன் மீட்டர், அடுத்து 60, கடைசியில் நிறுத்தாமல் அரைச் சுற்று, அதாவது 180 டிகிரி. புது ஹைட்ராலிக் டேப்பெட் போட்டிருந்தால் அரை மணி நேரம் விட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் வால்வில் இடிக்கும்.

ஒன்று கேட்கிறோம். ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கிக் கொடுத்து, அதை அளந்து பார்த்துத்தானே லேத்காரர் போர் பண்ணினார்? இல்லையென்றால் அடுத்துச் சேரும் பணத்தில் முதலில் பிஸ்டனை வாங்கி இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள்; ரிங் பிறகு. இனி எஞ்சினைப் பிரிக்கப்போகிறவர்களுக்கும் இதுதான் பேச்சு: லேத்துக்கு அனுப்பும் முன்பே பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் செட் நாலும் அலமாரியில் இருக்கட்டும். தேய்ந்த எஞ்சின் பிரிக்காமல் இரண்டு வருஷம்கூடச் சும்மா கிடக்கும். போர் பண்ணிய பிளாக் காத்திருக்காது.

கேள்வி: கீசர் ஒழுகுகிறது. கார் வேலைக்கு வாங்கிய ஸ்பேனரெல்லாம் கையில் இருக்கும்போது பிளம்பருக்கு எதற்குப் பணம்? அந்த மிச்சத்தில் ஷாக் அப்சார்பர் வாங்கிவிடுவேனே. – வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: வாங்க மாட்டீர்கள். பதிவுபெற்ற பிளம்பர் தரும் இணக்கச் சான்றிதழ் இல்லாமல் மாட்டிய கீசர் நாளைக்கு வெடித்து சீலிங்கும் கட்டிலும் நனைந்தால், இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். உங்கள் வீட்டுக் கட்டட பாலிசியில் கீசர் வெடிப்பு சேர்ந்திருக்கிறதா, எக்ஸஸ் (நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) எவ்வளவு என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் உங்கள் கைச்செலவு அந்த எக்ஸஸ் மட்டும்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. டிபி போர்டில் (வீட்டு பிரேக்கர் பெட்டியில்) கீசர் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் வற்றிய கீசரில் எலிமென்ட் எரிந்தால் அதுவும் போச்சு. தெருப்பக்கத்து மெயின் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். படம் எடுத்து வையுங்கள். புதிதாக மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்: அடியில் தட்டு இருக்கிறதா, தட்டின் குழாய் வீட்டுக்கு வெளியே போகிறதா, இரண்டு வேக்யூம் பிரேக்கர் (காற்றை உள்ளே விடும் வால்வு) உண்டா, அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வின் கிலோபாஸ்கல் கீசர் மேல் எழுதியிருப்பதோடு பொருந்துகிறதா, பாதுகாப்பு வால்வின் வடிகால் உலோகக் குழாயா. கடைசியாகச் சொன்னதில் பிளாஸ்டிக் போட்டால், கொதிநீர் வரும் நாளில் அது உருகித் தொங்கும்.

பழைய கீசரை எடுத்துப்போகச் சொல்லாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள், வெல்டிங் மேசைக்குக் கால் ஆகும் என்று. கராஜில் இன்னும் ஒரு குப்பை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரரின் கோல்ஃப் எஞ்சின் இல்லாமல் கராஜில் ஸ்டாண்டு மேல் நிற்கிறது. மகள் கல்யாணத்துக்கு அந்த இடத்தில்தான் சமையல், பந்தி. தள்ளினால் கெட்டுவிடும் என்கிறார். உண்மையா, சாக்கா? – வாசகி, மெரிபேங்க்

பதில்: பாதி உண்மை அம்மா. முன் சக்கர பேரிங், டிரைவ் ஷாஃப்ட் முனையில் இருக்கும் பெரிய நட் இறுகப் பிடிக்கும்போதுதான் சரியாக உட்கார்ந்திருக்கும். எஞ்சினோடு ஷாஃப்டையும் உருவி எடுத்துவிட்டுச் சக்கரத்தில் நிறுத்தித் தள்ளினால் பேரிங் பிரிந்து கெடும். இதைத்தான் அவர் சொல்கிறார். வழி இருக்கிறது. ஷாஃப்டின் வெளி மூட்டு (ஜாயின்ட்) மட்டும் தனியாகக் கழற்றி, ஹப்பில் நுழைத்து, நட்டைப் போட்டு இறுக்கினால் கார் தாராளமாக உருளும். தேய்ந்த மூட்டு போதும், ஸ்கிராப் யார்டில் கிடைக்கும். கார் ஓடும்போது அந்த நட்டுக்கு 230 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டும். முற்றத்துக்குத் தள்ள, நீளக் கைப்பிடி போட்டு நன்றாக முடுக்கினாலே போதும். ஸ்டீரிங் ராடுகள் இணைந்திருக்கட்டும், ஹேண்ட் பிரேக் கேபிள் வேலை செய்யட்டும். தள்ளுவதற்கு நாலு பேர், பிரேக்கில் ஒருவர்.

கல்யாண வீடு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். விறகடுப்போ கேஸ் அடுப்போ மூட்டும் முன் டாங்கிலிருந்து பெட்ரோலை இறக்கி, மூடியுள்ள உலோக கேனில் அடைத்து வளவைவிட்டே அனுப்பிவிடுங்கள். காலி டாங்க் இன்னும் ஆபத்து. அதன் ஆவிதான் பற்றும். கோல்ஃபில் டாங்க் பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, ஆகவே காரை அடுப்பிலிருந்து வெகுதூரம் தள்ளுங்கள். தின்னர் டின், பெயின்ட், பட்டி ஹார்டனர், வெல்டிங் சிலிண்டர் எல்லாம் தனி அறைக்குப் போகட்டும். பிரேக் ஆயில் சிந்திய தரையைச் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் அரிசி மூட்டையை இறக்காதீர்கள்.

கேள்வி: தரைத் தகட்டுக்கு மிக் வெல்டிங் பிடித்தாலே எர்த் லீக்கேஜ் (மின்கசிவு பிரேக்கர்) விழுந்து வீடு முழுக்க இருட்டாகிறது. புரட்டாசி விரதத்துக்கு வாங்கிவைத்த காய்கறியெல்லாம் ஃப்ரிட்ஜில் வாடிவிட்டது. மெஷின் பழுதா? – வாசகர், வெருலம்

பதில்: எது விழுகிறது என்று முதலில் பாருங்கள். மெயின் பிரேக்கர் விழுந்தால் சுமை அதிகம். கீசர் 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர், கெட்டில் 8 அல்லது 9, அதோடு அடுப்பு, வெல்டர் எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தால் 60 ஆம்பியர் மெயினும் தாங்காது. கீசரை அணைத்துவிட்டு வெல்டிங் பண்ணுங்கள், தீர்ந்தது.

எர்த் லீக்கேஜ் விழுந்தால் சங்கதி வேறு. 30 மில்லி ஆம்பியர் தரைக்குக் கசிந்தாலே அது விழ வேண்டும். அதுதான் அதன் வேலை. இங்கே கசிவுகள் கூடிக்கொள்ளும். ஈரம் ஏறிய கீசர் எலிமென்டில் கொஞ்சம், பழைய ஃப்ரிட்ஜில் கொஞ்சம், வெல்டரின் ஃபில்டரில் கொஞ்சம் என்று தனித்தனியே விழாதவை சேர்ந்து விழவைக்கும். எல்லா பிரேக்கரையும் இறக்கி, வெல்டர் லைனை மட்டும் ஏற்றிப் பிடித்துப் பாருங்கள். விழவில்லையென்றால் வெல்டர் நல்லது. மற்றவற்றை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், எதில் விழுகிறதோ அதுவே கள்ளன். தனியாகவே விழுந்தால் எக்ஸ்டென்ஷன் வயரைப் பாருங்கள். ஈரத் தரையில் கிடந்து உறை வெடித்திருக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் வாங்கி, சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருண்டபடி இழுத்தால் சூடேறி உருகும். எர்த் லீக்கேஜைத் தாண்டி நேரே லைன் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தகட்டு வேலைக்கு 0.6 மில்லிமீட்டர் வெல்டிங் வயர், ஆர்கான் கலவை கேஸ். நீளமாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக, ஒரு மூலைக்கு ஒன்று மாறி மாறி வையுங்கள், இல்லையேல் தகடு நெளியும். பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். அன்றன்றைக்கு எவ்வளவு துரு வெட்டுகிறீர்களோ அவ்வளவுக்கும் அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். சாதாரண சாம்பல் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். அதை நம்பி மாதக்கணக்கில் விட்டால் அடியில் மறுபடி துருதான். தரை அழுகியதற்குக் காரணத்தையும் பாருங்கள்: முன் கண்ணாடிக்குக் கீழே மழைநீர்த் தட்டின் துளையில் இலை அடைத்திருக்கும். அதை எடுக்காமல் புதுத் தகடு வைத்தால், அதுவும் அழுகும்.

கேள்வி: மழையில் கராஜில் தண்ணீர் ஏறி, கார் அச்சு வரை நனைந்தது. என்ன செய்ய? – வாசகர், ஐசிப்பிங்கோ

பதில்: சாவி போடாதீர்கள். எஞ்சின் ஆயிலையும் கியர் ஆயிலையும் சிறிது வடித்துப் பாருங்கள். பால் நிறத்தில் இருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். ஐந்து கியர் பெட்டிக்கு 2 லிட்டர், ஜிஎல்-4 தரம். ஜிஎல்-5 வேண்டாம், சின்க்ரோ வளையத்துக்கு ஆகாது. பிரேக் டிரம்மைக் கழற்றிச் சேற்றைக் கழுவுங்கள். கார்பெட்டும் அடியில் இருக்கும் பஞ்சும் வெளியே வர வேண்டும். மேலே காய்ந்தாலும் பஞ்சு மாதக்கணக்கில் ஈரம் பிடித்துவைக்கும்.

கேள்வி: 1.6-ஐ எடுத்துவிட்டு 1.8 எஞ்சின் மாட்டுகிறேன். கூரை ரிப்பேரால் இன்னும் ஆறு மாதம் ஆகும். ரோட்வொர்த்தியை (கார் சாலைக்குத் தகுதி என்ற சான்றிதழை) இப்போதே எடுத்துவைக்கலாமா? – வாசகர், டொங்காட்

பதில்: வேண்டாம். ரோட்வொர்த்தி சான்றிதழ் 60 நாளில் காலாவதி ஆகும். கடைசியாக எடுங்கள். இப்போது செய்ய வேண்டியது எஞ்சின் காகிதம். விற்றவரின் ரசீது, அதில் எஞ்சின் எண், அவருடைய அடையாள அட்டை நகல். எஞ்சின் எண் மாறுவதால் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி, பதிவு அலுவலகத்தில் புது எண்ணை ஏற்ற வேண்டும். எண் பொறித்த இடத்தில் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள், தேய்த்தும் விடாதீர்கள். எஞ்சின் உள்ளே இறங்கும் முன் அதைத் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார் ஓடாமல் நின்றாலும் லைசென்ஸ் டிஸ்க்கை (கண்ணாடியில் ஒட்டும் ஆண்டு உரிம வில்லையை) புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். காலாவதி தேதிக்குப் பிறகு 21 நாள் சலுகை உண்டு, அதற்கப்புறம் பாக்கியும் அபராதமும் ஏறும்.