கையால் செய்யும் ஐரிஷ் மரப் புல்லாங்குழலுக்கு விலையை எப்படி முடிவு செய்கிறார்கள்? புது மாடல் என்றால் விலை கூடுமா?

அயர்லாந்தில் கிளேர் பக்கம் ஒரு புல்லாங்குழல் பட்டறையில் ஐந்து வருடமாக வாரம் மூன்று நாள் வேலை செய்கிறேன். பாதி நேரம் கடைசல், பாதி நேரம் கணக்கு. விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் எல்லோரும் மரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மரம் இதில் சின்னச் செலவு.

நம்மூர் மூங்கில் குழலை மனதில் வைத்துப் பார்த்தால் இந்த விலை அநியாயமாகத்தான் தெரியும். மூங்கிலுக்கு உள்துளையை இயற்கையே போட்டுக் கொடுத்துவிடுகிறது. இங்கே கெட்டி மரத்தைத் துளைத்து, உள்ளே கூம்பு வடிவம் கொண்டுவர வேண்டும். நாதஸ்வரத்திலும் கூம்புதான், ஆனால் அது கீழே போகப் போக விரியும். இது தலைப்பகுதியில் சுமார் 19 மில்லிமீட்டர் அகலத்தில் நேர்க்குழாயாக வந்து, அப்புறம் கீழே போகப் போகக் குறுகும். மரம் பெரும்பாலும் தான்சானியா, மொசாம்பிக்கிலிருந்து வரும் ஆப்பிரிக்கக் கருமரம். நம் ஈட்டி மரத்தின் இனம்தான். தண்ணீரில் போட்டால் மூழ்கும். முதலில் சின்னதாகத் துளைத்து ஒரு வருடம், இரண்டு வருடம் சும்மா போட்டுவைப்போம். அவசரப்பட்டால் பின்னால் கோணும், வெடிக்கும்.

எங்கள் பட்டறைக் கணக்கு இது. கீ (கூடுதல் துளைகளைத் திறந்து மூடும் உலோக நெம்புகோல்) இல்லாத, ஆறு துளை மட்டும் உள்ள டி (D) சுருதிக் குழல் 900 யூரோ. மரம், வெள்ளி வளையம், ட்யூனிங் ஸ்லைடு (இழுத்துச் சுருதி சேர்க்கும் உலோகக் குழாய்) எல்லாம் சேர்த்து 140. வாடகை, மின்சாரம், உடைந்த கருவிகள், கடைசி நேரத்தில் கீறல் விட்டு அடுப்புக்குப் போகும் குழல்கள் என்று ஒரு குழலுக்கு 160. மீதி 600. வேலை 22 மணி நேரம். மணிக்கு 27 யூரோ வருகிறது. வீட்டுக் குழாய் ஒழுகினால் சரிசெய்ய வருபவர் இதைவிட அதிகம் வாங்குகிறார்.

எட்டு கீ வைத்தால் விலை 3,500 பக்கம் போய்விடும். ஒவ்வொரு கீயையும் வெள்ளியில் செய்து, அரம் போட்டு, மரத்திலேயே விட்டிருக்கும் மேட்டில் பொருத்தி, துளையை மூடும் பேடு காற்றுக் கசியாமல் உட்கார வைக்க ஏறக்குறைய எட்டு மணி நேரம். அதனால் புதிதாகப் படிப்பவர்களிடம் கீ வேண்டாம் என்றே சொல்வோம். டி, ஜி ஸ்கேல்கள் கீ இல்லாமலே வரும். ஐரிஷ் மெட்டுகளில் பெரும்பாலானவை அதிலேயே அடங்கிவிடும்.

புது மாடல்தான் சிக்கல்.

ஐரிஷ் குழல் என்று சொன்னாலும் இதன் மூதாதை 19ஆம் நூற்றாண்டு லண்டன் குழல்தான். தியோபால்ட் போம் 1847இல் நவீனக் குழலைக் கொண்டுவந்த பிறகு, பழைய மரக் குழல்களைப் பலர் தள்ளிவிட்டார்கள். அவை மலிவாக ஐரிஷ்காரர்கள் கைக்கு வந்தன. இன்றும் வாங்குபவர்கள் அந்தக் கால லண்டன் குழல்களான ருடால் அண்ட் ரோஸ் மாதிரியா, பிராட்டன் மாதிரியா என்றுதான் கேட்பார்கள். பிராட்டனில் துளைகள் பெரிது, சத்தம் கணீரென்று வரும். ருடாலில் துளை சிறியது, ஸ்வரத்தை வளைப்பது எளிது.

அப்படியானால் பழைய குழலை அளந்து அப்படியே செய்தால் போதாதா? போதாது. அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டன் சுருதி ஏ ஸ்வரத்துக்கு 452 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஏறியிருந்தது. இன்று 440. ஸ்லைடை இழுத்துச் சுருதியை இறக்கினால் மேல் துளைகளின் ஸ்வரங்கள் கீழ் ஸ்வரங்களைவிட அதிகமாக இறங்கும். உறவே கெட்டுவிடும். ஆகவே நீளம், துளை இடம், உள்துளை எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும்.

2022இல் சிறிய கைக்காரர்களுக்கென்று ஒரு மாடல் செய்தோம். வலது மோதிரவிரல் எட்டுவதற்காக ஆறாவது துளையை மேலே ஏற்றிச் சிறிதாக்கினோம். உடனே ஈ ஸ்வரம் மெலிந்தது. துளையை உள்பக்கம் குடைந்து ஈயைத் தேற்றினால் மேல் ஸ்தாயியில் வேறொன்று தவறும். விரல் துளை பெரிதாகிவிட்டால் மெழுகு வைத்தாவது சோதிக்கலாம். உள்துளை அப்படியில்லை. அதைக் குடையும் ரீமர் நீளமான எஃகுக் கத்தி. அதில் உலோகத்தை எடுக்கலாம், திருப்பி ஒட்ட முடியாது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் காதுக்குத் தெரியும். மூன்று ரீமர், ஒன்பது குழல் உடல்கள். நல்லவேளை, முதல் நான்கை டெல்ரின் பிளாஸ்டிக்கில் செய்தோம். மொத்தம் 260 மணி நேரம்.

மணிக்கு 27 என்றால் 7,020 யூரோ. இந்த மாடலில் 40 குழல் விற்கும் என்று வைத்துப் பிரித்தால் ஒன்றுக்கு 175. ஆக 1,075க்கு விற்றிருக்க வேண்டும். நாங்கள் 950 என்று அறிவித்தோம். புது மாடல், யார் வாங்குவார்களோ என்ற பயம். ஒரே மாதத்தில் 19 ஆர்டர் வந்தது. மகிழ்ந்தோம்!

எங்கள் காத்திருப்புப் பட்டியல் அப்போது மூன்று வருடம். அதாவது 2022இல் சொன்ன விலைக்கு 2025இல் குழல் கொடுக்க வேண்டும். அதற்குள் வெள்ளி விலை எங்கேயோ போய்விட்டது. கை பழகாததால் ஒவ்வொன்றும் 30 மணி நேரம் இழுத்தது. கூட்டிக் கழித்தால் மணிக்கு 18 யூரோதான், அதிலும் அந்த 260 மணி நேரம் சேரவில்லை. முதல் பத்து குழல் செய்து முடிக்கும் வரை பொதுவில் விலை சொல்லியிருக்கக் கூடாது.

இப்போது சிறு முன்பணம் வாங்கிப் பெயர் மட்டும் எழுதிக்கொள்கிறோம். மரம் லேத்தில் ஏறும் அன்று உள்ள விலைதான் விலை. பிடிக்காவிட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்கும். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள், சரி.

அந்த 19இல் கடைசிக் குழல் போன மாதம் ஸ்லைகோவுக்குப் போனது, 950க்கே. பெட்டியில் வைக்கும் முன் பட்டறைக்காரர் அதில் ஒரு ரீல் (ஐரிஷ் நடன மெட்டு) வாசித்துப் பார்த்தார். "ஈ இன்னும் கொஞ்சம் மெலிசுதான்" என்றார். நான்காவது ரீமருக்கு எஃகு வாங்கி வைத்திருக்கிறார்.